மகத் குளமும் பதிவாகாத புகாரும்

வன்கொடுமைப் புகாருடன் காவல் நிலையம் சென்று, முதல் தகவல் அறிக்கைக்குப் பதிலாக சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பும் தலித் குடும்பங்களுடன் நிற்கும்போதெல்லாம், அண்ணல் அம்பேத்கரின் வழக்கறிஞர் வாழ்வை நாம் நினைவுகூர்கிறோம். சட்டம் எந்த இடத்தில் தடைபடுகிறது என்பதைக் களத்தில் கற்றவர் அவர்.

1891-இல் மகுவில் பிறந்த அவர், நியூயார்க்கிலும் லண்டனிலும் பயின்று, 1923-இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் பணியைத் தொடங்கினார். 1927 மார்ச் 20 அன்று மகத் நகரின் சவுதார் குளத்தில் ஆயிரக்கணக்கானோருடன் நீர் அருந்தினார். அடுத்துக் கோயிலுக்குள் நுழையப் போகிறார்கள் என்று வதந்தி கிளப்பிய சாதி இந்துக்கள், மாநாட்டுக்கு வந்திருந்தோரைத் தடிகளால் தாக்கினர். திருப்பித் தாக்கத் துடித்த தம் மக்களை அம்பேத்கர் தடுத்துச் சட்டத்தின் வழியில் நிறுத்தினார். தாக்கியவர்களுள் ஐவருக்கு நான்கு மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. ஆயினும் அவர் ஏமாறவில்லை. மாவட்டத்தின் உயர் அதிகாரிகள் சாதி இந்துக்களாக இருந்திருந்தால் இந்நீதி கிட்டியிராது என்றே அவர் கருதினார்.

குளம் தங்களுக்கே உரியது என்று சாதி இந்துக்கள் தொடுத்த உரிமையியல் வழக்கு 1937 மார்ச் 17 வரை நீண்டது. தொன்றுதொட்ட வழக்கம் என்பதை அவர்களால் மெய்ப்பிக்க இயலவில்லை. உயர் நீதிமன்றம் அவர்களின் மேல்முறையீட்டைத் தள்ளியது.

அதிகாரியின் சாதியைப் பொறுத்து நீதி மாறக் கூடாது என்பதே அவரது அடுத்த முப்பதாண்டுப் பணியின் ஒரு சரடு. 1928-இல் சைமன் குழுவின்முன் காவல்துறையில் தடையற்ற ஆள்சேர்ப்பைக் கோரினார். முதல் வட்டமேசை மாநாட்டில் இரட்டைமலை சீனிவாசனுடன் இணைந்து அளித்த கோரிக்கையில், சமூகப் புறக்கணிப்பைக் குற்றமாக்கவும், ஆட்சியாளர்கள் ஒடுக்கப்பட்டோர் நலனைப் புறக்கணித்தால் முறையீட்டு வழி அமைக்கவும் வலியுறுத்தினார். அரசமைப்புச் சட்டத்தின் 17ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழித்தது. உரிமை மீறப்பட்டால் உச்ச நீதிமன்றத்தை நேரே அணுகும் 32ஆம் உறுப்பையே அவர் அனைத்திலும் முதன்மையாகக் கருதினார். 1956 டிசம்பர் 6 அன்று மறைந்தார்.

அலட்சியமும் அநீதியே என்ற அவரது பார்வையை 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் காண்கிறோம். கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும், பட்டியல் சமூகத்தவரல்லாத அரசு ஊழியருக்கு 4ஆம் பிரிவு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை விதிக்கிறது. முதல் தகவல் அறிக்கைக்கு முன் பூர்வாங்க விசாரணை தேவையில்லை என்கிறது 18ஏ பிரிவு. பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் தெரிந்தால் பதிவு கட்டாயம் என்று 2013-இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்ற அரசமைப்பு அமர்வு தீர்ப்பளித்தது.

இவ்வளவு இருந்தும் நிலைய அதிகாரி மறுத்தால் என்ன செய்வது? பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(4) பிரிவின்படி, புகாரைக் காவல் கண்காணிப்பாளருக்கு அஞ்சலில் அனுப்ப வேண்டும். அதற்கும் பயனில்லையெனில், பிரமாணப் பத்திரத்துடன் நீதித்துறை நடுவரிடம் 175(3) பிரிவின்கீழ் விசாரணைக்கு உத்தரவு கோரலாம். 223ஆம் பிரிவின்கீழ்த் தனிப்புகாரும் தொடரலாம். வன்கொடுமைக் குற்றங்களை நேரடியாக ஏற்கும் அதிகாரம் சிறப்பு நீதிமன்றத்துக்கு உண்டு. உயர் நீதிமன்றத்தின் வாயிலும் திறந்தே உள்ளது.

மகத் வழக்கு சான்றுகளால் வெல்லப்பட்டது. நம் வழக்குகளும் அப்படியே. புகாரின் நகலையும் அஞ்சல் ரசீதையும் பத்திரப்படுத்துவோம். நடுவர் முன் நாம் முதலில் காட்ட வேண்டியவை அவையே.