பஸ் பெட்ரோல் குடித்த பந்தய விமானம்
வான வீராங்கனை எமி ஜான்சன் கதை

காலை ஆறு மணிக்கு ஓசூர் பஸ் நிலையத்தின் பக்கம் போனால் ஒரு காட்சியைப் பார்க்கலாம். சீருடை அணிந்த இளம் பெண்கள் கூட்டம் கூட்டமாக நிற்பார்கள். கழுத்தில் அடையாள அட்டை. கையில் சாப்பாட்டுப் பை. தொழிற்சாலை பஸ் வரும், ஏறிப் போவார்கள். கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்த பெண்களும் அவர்களில் உண்டு. இயந்திரத்தின் முன்னால் ஒரு பெண் நிற்பது இன்று யாருக்கும் அதிசயமாகத் தோன்றுவதில்லை.

ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன்னால் அது பெரிய அதிசயம். அதுவும் ஆகாய விமானத்தின் என்ஜினை ஒரு பெண் கழற்றிப் பூட்டுகிறாள் என்றால், நம்புவதற்கே ஆள் கிடையாது. அந்தக் காலத்தில் கையில் எண்ணெய்க் கறையோடு நின்ற ஒரு பெண்ணின் கதை இது. அவர் ஓட்டி வந்த ஒரு விமானத்தின் கதையும் இதில் இருக்கிறது. அந்தப் பெண் இறந்து 80 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. விமானத்தின் கதை மட்டும் இன்னும் முடியவில்லை.

மீன் வியாபாரி மகள்

எமி ஜான்சன் 1903-ம் ஆண்டு ஜூலை 1-ந்தேதி இங்கிலாந்தில் ஹல் என்ற துறைமுக நகரத்தில் பிறந்தார். தந்தை மீன் வியாபாரி. நான்கு பெண் குழந்தைகளில் எமிதான் மூத்தவர்.

ஷெபீல்டு பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்துப் பட்டம் வாங்கினார். லண்டனுக்குப் போய் ஒரு வக்கீல் ஆபீசில் காரியதரிசியாக வேலை பார்த்தார். டைப் அடிக்க வேண்டியது. கடிதம் எழுத வேண்டியது. மாதச் சம்பளம் வரும். பெற்றோர் நிம்மதியாக இருந்தார்கள்.

எமிக்குத்தான் நிம்மதி இல்லை. 1928-ல் லண்டனில் ஸ்டாக் லேன் விமான நிலையத்தில் இருந்த ஒரு சங்கத்தில் சேர்ந்து பறக்கக் கற்றுக்கொண்டார். விமானத்தை ஓட்டினால் மட்டும் போதாது, அதன் வயிற்றில் என்ன இருக்கிறது என்றும் தெரிய வேண்டும் என்று நினைத்தார். விடியற்காலையிலேயே கொட்டகைக்குப் போய் மெக்கானிக்குகளோடு வேலை செய்தார். 1929-ல் விமானி லைசென்சு கிடைத்தது. அதே ஆண்டில் விமான மெக்கானிக் லைசென்சும் கிடைத்தது. அதை வாங்கிய முதல் பிரிட்டிஷ் பெண் அவர்தான்.

19 நாள் பயணம்

அடுத்த ஆண்டே ஒரு பெரிய காரியத்துக்குத் துணிந்தார். இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தன்னந்தனியாகப் பறப்பது என்பதே அது. அதற்கு முன் அவர் பறந்த மிக நீண்ட தூரம் லண்டனிலிருந்து ஹல் வரைதான்!

தந்தையும், எண்ணெய்க் கம்பெனி முதலாளியான வேக்பீல்டு பிரபுவும் பணம் கொடுத்தார்கள். 600 பவுனுக்குப் பழைய ஜிப்சி மாத் விமானம் ஒன்றை எமி வாங்கினார். அன்றைய கணக்கில் அது 8 ஆயிரம் ரூபாய். தந்தையின் மீன் கம்பெனி முத்திரையான 'ஜேசன்' என்ற பெயரையே விமானத்துக்கும் வைத்தார். திறந்த விமானம் அது. மழை பெய்தால் நனைய வேண்டும். ரேடியோவும் கிடையாது. உபரியாக ஒரு விசிறியைப் பக்கவாட்டில் கட்டிக்கொண்டு, 1930 மே 5-ந்தேதி லண்டனை விட்டுக் கிளம்பினார்.

ஆறே நாளில் கராச்சி. ஒரு பெண் இவ்வளவு வேகமாக இந்தியாவுக்கு வந்துவிட்டாள் என்ற செய்தி உலகமெங்கும் பரவியது. அதுவரை பெயர் தெரியாமல் இருந்தவர், ஒரே நாளில் பத்திரிகைகளின் முதல் பக்கத்துக்கு வந்துவிட்டார்.

கராச்சியிலிருந்து அலகாபாத்துக்குப் பறந்தபோது பெட்ரோல் தீர்ந்துகொண்டே வந்தது. வழியில் ஜான்சியில், ராணுவத்தினர் அணிவகுக்கும் மைதானத்தில் இறங்கிவிட்டார். விமானம் ஓடிப்போய்க் கட்டிடங்களுக்கு நடுவே முட்டிக்கொண்டு நின்றது. இறக்கையைச் சரிசெய்துகொண்டு மறுபடியும் கிளம்பினார்.

நம் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் வாழ்ந்த ரங்கூனிலும் ஒரு விபத்து. அந்த ஊரை அடுத்த இன்செயினில் ஒரு பந்து விளையாடும் மைதானத்தில் இறங்கியபோது, விமானம் பள்ளத்தில் விழுந்தது. விசிறி உடைந்தது, இறக்கையின் துணி கிழிந்தது. அங்கிருந்த தொழிற்பயிற்சிப் பள்ளிக்கூடத்தார் உதவிக்கு வந்தார்கள். உபரி விசிறியை மாட்டினார்கள். இறக்கைக்குத் துணி வேண்டுமே? யுத்தத்தில் மிஞ்சிய விமானத் துணியில் தைத்த சட்டைகள் அங்கே இருந்தன. அவற்றைக் கிழித்து ஒட்டுப் போட்டார்கள்! சட்டைத் துணியோடு பறந்து, மே 24-ந்தேதி ஆஸ்திரேலியாவில் டார்வின் நகரத்தில் இறங்கினார் எமி.

பழைய சாதனையை அவர் முறியடிக்கவில்லை. ஹிங்க்லர் என்ற ஆஸ்திரேலிய விமானி 1928-ல் பதினைந்தரை நாளில் போயிருந்தார். எமிக்குப் பத்தொன்பதரை நாள் ஆயிற்று. அந்த வருத்தம் அவருக்கு இருந்தது. ஜனங்களுக்கு இல்லை. லண்டன் திரும்பியபோது லட்சக்கணக்கான மக்கள் தெருவில் நின்று வரவேற்றார்கள். ஒரு பத்திரிகை 10 ஆயிரம் பவுன் கொடுத்தது.

கணவன், மனைவி, விமானம்

1932-ல் ஜிம் மாலிசன் என்ற விமானியை எமி மணந்தார். அவரும் சாதனைகள் செய்து பெயர் வாங்கியவர். மணமான நான்கு மாதத்தில், தென் ஆப்பிரிக்காவுக்குப் பறப்பதில் கணவர் செய்திருந்த சாதனையையே எமி முறியடித்தார். வீட்டில் அதை எப்படி எடுத்துக்கொண்டார்களோ!

1934-ல் ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்தின் நூற்றாண்டு விழா வந்தது. மாக்பர்சன் ராபர்ட்சன் என்ற மிட்டாய்க் கம்பெனி முதலாளி, இங்கிலாந்திலிருந்து மெல்போர்னுக்கு ஒரு விமானப் பந்தயம் அறிவித்தார். முதல் பரிசு 10 ஆயிரம் பவுனும் ஒரு தங்கக் கோப்பையும். மொத்த தூரம் 11 ஆயிரம் மைலுக்கு மேல்.

அவ்வளவு தூரம் வேகமாகப் போகக்கூடிய விமானம் அப்போது இங்கிலாந்தில் இல்லை. டி ஹாவிலண்டு கம்பெனி ஒரு அறிவிப்புச் செய்தது. பிப்ரவரிக்குள் ஆர்டர் கொடுத்தால், பந்தயத்துக்கென்றே புது விமானம் செய்து தருவோம்; விலை 5 ஆயிரம் பவுன் என்றது. விமானம் இன்னும் காகிதத்தில் கூட முடியவில்லை. அதை நம்பி மூன்று பேர் ஆர்டர் கொடுத்தார்கள். மாலிசன் தம்பதிகளும் அவர்களில் உண்டு. விமானத்தின் பெயர் 'காமெட்'. வால்நட்சத்திரம் என்று பொருள்.

முழுக்க மரத்தால் ஆன விமானம் அது. மெல்லிய ஸ்ப்ரூஸ் மரப் பலகைகளைக் குறுக்கே வைத்து ஒட்டி இறக்கை செய்தார்கள். இரண்டு என்ஜின்கள். மூக்கில் பெட்ரோல் தொட்டிகள். அவற்றுக்குப் பின்னால் முன்னும் பின்னுமாக இரண்டு பேர் உட்கார வேண்டும். எதிரே பார்த்தால் நீண்ட மூக்குதான் தெரியும். சக்கரங்களை உள்ளே இழுக்கக் கையாலேயே ஒரு வளையத்தைச் சுற்ற வேண்டும்.

இன்னொரு வேடிக்கை உண்டு. கிளம்புவதற்கு முன் விசிறிக்குள் இருக்கும் ஒரு பைக்குச் சைக்கிள் பம்பால் காற்று அடிக்க வேண்டும்! விமானம் வேகம் பிடித்ததும் எதிர்காற்று ஒரு தட்டை அழுத்தும். அடைத்த காற்று வெளியேறும். விசிறியின் கோணம் மாறும். மறுபடி மாற்ற வேண்டுமானால் தரையில் இறங்கிப் பம்பை எடுக்க வேண்டும்.

வேகம் மணிக்கு 220 மைல். ஓசூரிலிருந்து பெங்களூர் 25 மைல். காமெட் விமானத்துக்கு அது ஏழு நிமிடப் பயணம். இன்று பஸ்ஸில் போகிறவர்கள் கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

மாலிசன் தம்பதிகளின் விமானத்துக்குக் கறுப்பும் பொன்னிறமும் பூசினார்கள். 'பிளாக் மேஜிக்' என்று பெயர் வைத்தார்கள். மாந்திரீகம் என்று தமிழில் சொல்லலாம்.

ஜபல்பூரில் வந்த வினை

1934 அக்டோபர் 20-ந்தேதி. விடியற்காலை. மில்டன்ஹால் விமான நிலையத்தில் 20 விமானங்கள் நின்றன. முதலில் கிளம்பியது பிளாக் மேஜிக்.

எங்கும் நிற்காமல் பாக்தாத். அங்கே பெட்ரோல் போட்டுக்கொண்டு கராச்சி. 22 மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் ஆயிற்று. நான்கு ஆண்டுகளுக்கு முன் எமிக்கு ஆறு நாள் பிடித்த தூரம் அது! வெற்றி அவர்களுக்குத்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

கராச்சியை விட்டுக் கிளம்பியதும் சக்கரம் உள்ளே போக மறுத்தது. திரும்பி வந்து பழுது பார்த்தார்கள். நேரம் போயிற்று. இரவில் மறுபடியும் கிளம்பி அலகாபாத்தை நோக்கிப் பறந்தார்கள். இருட்டில் வழி தவறிவிட்டது. பெட்ரோல் குறைந்தது. கண்ணில் பட்ட ஊரில் இறங்கினார்கள். அது ஜபல்பூர்.

ஜபல்பூரில் விமானப் பெட்ரோல் இல்லை. ஊரில் ஓடும் பஸ் கம்பெனியிடம் பெட்ரோல் இருந்தது. வேறு வழி? அதையே வாங்கி ஊற்றினார்கள்.

ஒர்க் ஷாப்பில் வேலை செய்கிறவர்களுக்கு அடுத்து நடந்தது புரியும். பந்தய என்ஜினுக்குள் காற்றும் பெட்ரோலும் பஸ் என்ஜினை விட அதிகமாக அழுத்தப்படும். மட்டமான பெட்ரோல் அந்த அழுத்தத்தைத் தாங்காமல் கண்டபடி வெடிக்கும். உள்ளே சூடு ஏறும். பிஸ்டன் கெடும். மெக்கானிக் லைசென்சு வாங்கிய எமிக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. தெரிந்திருந்தும் என்ன செய்வது? பந்தயத்தில் நின்றவர் தோற்றவர்.

ஒரு என்ஜின் கெட்டது. மற்றொரு என்ஜினால் தத்தளித்து அலகாபாத் போய்ச் சேர்ந்தார்கள். இன்று பிரயாக்ராஜ் என்று வழங்கும் அந்த ஊரில் அவர்களுடைய பந்தயம் முடிந்தது. சிவப்பு நிறக் காமெட் ஒன்று, ஸ்காட், காம்பெல் பிளாக் என்ற இரண்டு விமானிகளோடு மூன்று நாளுக்குள் மெல்போர்ன் போய்ப் பரிசைத் தட்டிக்கொண்டது. அதே கம்பெனி, அதே மரம், அதே என்ஜின்!

பனியில் மறைந்தார்

கணவன்-மனைவி உறவும் பிறகு கெட்டது. 1938-ல் விவாகரத்து ஆயிற்று.

இரண்டாவது உலக யுத்தம் வந்தது. தொழிற்சாலையில் செய்த விமானங்களைப் போர்ப்படை நிலையங்களுக்கு ஓட்டிக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையில் 1940-ல் எமி சேர்ந்தார். உலகமே கொண்டாடிய பெண், மற்றவர்களோடு வரிசையில் நின்று உத்தரவு வாங்கினார்.

1941 ஜனவரி 5-ந்தேதி, பிளாக்பூலிலிருந்து ஆக்ஸ்போர்டுக்குப் பக்கத்தில் உள்ள விமான நிலையத்துக்கு ஒரு விமானத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மோசமான பருவநிலை. மறுபடியும் வழி தவறியது. தேம்ஸ் நதி கடலில் கலக்கும் இடத்தில் பாராசூட் ஒன்று இறங்குவதை 'ஹேசில்மியர்' என்ற கப்பலில் இருந்தவர்கள் பார்த்தார்கள். காப்பாற்ற முயன்றார்கள். கப்பலின் தலைவர் வால்டர் பிளெட்சர் உறையும் தண்ணீரில் குதித்தார். அவரும் இறந்தார். எமியின் உடல் கிடைக்கவே இல்லை. வயது 37. அவர் எப்படி வழி தவறினார், விமானத்துக்கு என்ன ஆயிற்று என்று இன்றும் பலவிதமாகப் பேசுகிறார்கள்.

அதற்கு இரண்டு வாரம் முன்னால்தான், 1940 டிசம்பரில், பெங்களூரில் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை ஆரம்பமாயிற்று. ஓசூருக்கு அருகே பேளகொண்டப்பள்ளியில் இன்று விமான ஓடுதளமும், விமான வேலை செய்யும் தொழிற்சாலையும் இருக்கின்றன. அங்கே பிளாக் மேஜிக் இறங்கியிருந்தால் பெட்ரோலுக்குப் பஞ்சம் இருந்திராது!

கொட்டகையில் கிடக்கிறது

எமியின் பழைய ஜேசன், லண்டன் விஞ்ஞானக் காட்சிசாலையில் தொங்குகிறது. பந்தயத்தில் வென்ற சிவப்புக் காமெட், ஓல்டு வார்டன் என்ற இடத்தில் பழைய விமானங்களைக் காக்கும் நிலையத்தில் இருக்கிறது. அதைச் செப்பனிட்டு 1987-ல் மறுபடி பறக்கவிட்டார்கள். 2002-ல் தரையில் இறங்கும்போது சக்கரம் உடைந்தது. அதன் பிறகு ஆகாயத்தைப் பார்க்க 2014 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

பிளாக் மேஜிக் பட்ட பாடு வேறு. பந்தயம் முடிந்ததும் போர்ச்சுகல் நாட்டுக்கு விற்றார்கள். அந்த நாட்டுப் பிரதமரின் பெயரான 'சலசார்' என்று புதுப் பெயர் வைத்தார்கள். லிஸ்பனிலிருந்து பிரேசிலுக்குப் பறக்க வேண்டும் என்று திட்டம். அது நடக்கவில்லை. பிறகு அந்த விமானத்தை எல்லோரும் மறந்துவிட்டார்கள். 1979-ல் போர்ச்சுகலில் ஒரு பண்ணையில் அதன் சிதைந்த பாகங்களைக் கண்டுபிடித்து இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார்கள்.

டெர்பி நகரத்தை அடுத்த ஒரு சிறிய விமான நிலையத்தில், பழைய விமானத்தில் ஆசை கொண்ட சிலர் அதைத் திரும்பக் கட்டுகிறார்கள். வருடக்கணக்காக வேலை நடக்கிறது. மரம் உளுத்துப் போனால் அதே மாதிரி மரம் தேட வேண்டும். அந்தப் பந்தய என்ஜின் மாதிரி இன்று கடையில் கிடையாது. ஒவ்வொரு பாகத்தையும் கையால் செய்ய வேண்டும். செய்த பிறகு, பறக்கத் தகுதியானது என்று அதிகாரிகள் கையெழுத்துப் போட வேண்டும். எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும்.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. பழைய மரத்தை எடுத்துவிட்டுப் புது மரம் வைத்துக்கொண்டே போனால், கடைசியில் நிற்பது எமி உட்கார்ந்த விமானமா, அதன் நகலா? அப்படியே கண்ணாடிக்குள் வைத்துவிடலாம் என்பார்கள் சிலர். என்ஜின் ஓடாத விமானம் வெறும் மரப்பெட்டி என்பார்கள் வேறு சிலர். இதற்குள் வாதம் ஓயாது. வேலை செய்கிறவர்கள் உளியையும் பசையையும் எடுத்துக்கொண்டு, வாரக் கடைசியில் கொட்டகைக்கு வந்துவிடுகிறார்கள். எமி உட்கார்ந்த மர உடல், கறுப்புப் பூச்சுக்காக அங்கே காத்திருக்கிறது.