மெல்லிய ஒலிக்குச் செவிகொடுத்தவர்

பாலவாக்கத்தில் கடற்கரையை ஒட்டி வசிக்கும் முதியவர் ஒருவருக்கு மாதந்தோறும் நற்கருணை கொண்டு செல்வதுண்டு. கப்பல்களில் ரேடியோ ஆபீசராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உலகக் கப்பல்களில் மோர்ஸ் தந்தியின் காலம் 1999 பிப்ரவரி 1-ஆம் நாளோடு முடிந்துபோனாலும், அவர் வீட்டில் மட்டும் அது முடியவில்லை. மேசையின் மேல் வால்வுகள் வைத்த பழைய ரிசீவர் ஒன்று. அதன் அருகே, அவரே பற்றவைத்துச் செய்த, சோப்புப் பெட்டி அளவிலான டிரான்ஸ்மிட்டர். அதன் சக்தி ஐந்து வாட்டுக்கும் குறைவு. ஒரு சிறிய இரவு விளக்கு எரியும் அளவு மின்சாரம்தான். அமெச்சூர் வானொலி உரிமம் பெற்ற அவர், அதைக் கொண்டு புள்ளியும் கோடுமாகத் தொலைதூர நண்பர்களோடு உரையாடுகிறார்.

இந்தப் புதியதையும் அந்தப் பழையதையும் இணைப்பது எளிதல்ல என்று அவர் விளக்கினார். சிறிய கருவி ஒரே ஒரு அலைவரிசையில்தான் பேசும். பழைய ரிசீவரோ சூடேறச் சூடேறத் தன் இடத்தைவிட்டு நகர்ந்துகொண்டே இருக்கும். எனவே குமிழை மயிரிழை அளவில் திருகித் திருகி இரண்டையும் ஒத்துப்போகச் செய்ய வேண்டும். அனுப்பும் நேரத்தில் ரிசீவரை அடக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் நம் சொந்தச் சத்தமே காதை அடைத்துவிடும். அனுப்புவதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை, கேட்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்பது அவர் அனுபவம். இப்படிக் கேட்கும் கருவியை உலகுக்குக் கொடுத்தவர் மார்க்கோனிதானே என்று நான் கேட்டேன். அவர் தலையை அசைத்து மறுத்துவிட்டு, ஜகதீஷ் சந்திர போஸ் என்றார். பள்ளிப் பாடத்தில் செடிகளுக்கும் உணர்வு உண்டு என்று சொன்னவராக மட்டுமே நான் அறிந்திருந்த அந்த மாமனிதரின் வாழ்வை அதன்பின் தேடிப் படித்தேன். படித்ததை இறைமக்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

மீனவராகிய புனித அந்திரேயாவின் திருவிழா நாளான நவம்பர் 30 அன்று, 1858-ஆம் ஆண்டில், இன்றைய வங்கதேசப் பகுதியில் போஸ் பிறந்தார். தந்தை பகவான் சந்திர போஸ் ஆங்கில அரசில் உயர்ந்த பதவி வகித்தவர். ஆனாலும் மகனை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பாமல், முதலில் தாய்மொழிப் பள்ளிக்கே அனுப்பினார். அங்கே சிறுவனின் ஒரு பக்கத்தில் தந்தையின் இஸ்லாமியப் பணியாளரின் மகன், மறுபக்கத்தில் ஒரு மீனவரின் மகன். பறவைகள், விலங்குகள், நீர்வாழ் உயிர்கள் பற்றி அவர்கள் சொன்ன கதைகளைச் சிறுவன் வியப்போடு கேட்டுக்கொண்டிருப்பான். இயற்கையை ஆராயும் ஆர்வம் தமக்கு அங்கேதான் பிறந்தது என்று பிற்காலத்தில் அவர் நன்றியோடு நினைவுகூர்ந்தார்.

பின்னர் கொல்கத்தாவில் இயேசு சபையினரின் புனித சவேரியார் பள்ளியிலும் கல்லூரியிலும் பயின்றார். அங்கே அவருக்கு இறைவன் தந்த கொடை அருள்தந்தை யூஜின் லஃபோன். பெல்ஜியம் நாட்டில் 1837-இல் பிறந்து, 1865-இல் இந்தியா வந்த இயேசு சபைக் குரு அவர். வானிலைக் கருவிகளை உற்றுநோக்கி, 1867-இல் வரவிருந்த புயலை முன்னதாகவே எச்சரித்தவர். பாடத்தை வாயால் சொல்வதோடு நிறுத்தாமல், மாணவர் கண்முன்னே சோதனை செய்து காட்டுவார். டாக்டர் மகேந்திரலால் சர்க்காருடன் கைகோத்து 1876-இல் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் உருவாகப் பாடுபட்டார். நம் தமிழ் மண்ணின் சர் சி.வி. இராமன் 1928-இல் தம் பெயரால் வழங்கும் கண்டுபிடிப்பைச் செய்தது அந்தக் கழகத்தில்தான். அத்தகைய குருவின் வகுப்பறையில் அமர்ந்த போஸ், இயற்பியலின் பக்கம் ஈர்க்கப்பட்டார்.

1880-இல் மருத்துவம் படிக்க இங்கிலாந்து சென்றார். உடல்நலம் இடங்கொடுக்கவில்லை. கேம்பிரிட்ஜ் சென்று இயற்கை அறிவியல் பயின்றார். நாடு திரும்பி 1885-இல் கொல்கத்தா மாநிலக் கல்லூரியில் பேராசிரியரானார். அங்கே காத்திருந்தது ஓர் அநீதி. ஐரோப்பியப் பேராசிரியர் பெறும் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் இந்தியருக்கு. தற்காலிக நியமனம் என்பதால் அதிலும் பாதிதான் அவருக்கு. போஸ் கூச்சல் போடவில்லை, வேலையை விடவும் இல்லை. மூன்று ஆண்டுகள் சம்பளத்தைத் தொடாமலே, ஒரு நாளும் குறை வைக்காமல் கற்பித்தார். தந்தை கடனில் மூழ்கியிருந்த காலம் அது. இறுதியில் நிர்வாகம் மனம் மாறியது. முழுச் சம்பளமும் முன்தேதியிட்டு வழங்கப்பட்டது. அந்தப் பணத்தைத் தந்தையின் கடனை அடைக்கக் கொடுத்தார்.

இந்த நெருக்கடிக்கு நடுவே, 1887-இல் அவர் கைப்பிடித்தவர் அபலா தாஸ். நம் சென்னைக்கும் அந்த அம்மையாருக்கும் ஓர் உறவு உண்டு. வங்காளத்தில் பெண்களுக்கு மருத்துவக் கல்லூரியின் கதவு திறக்காத காலத்தில், 1882-இல் மருத்துவம் பயில அவர் வந்து சேர்ந்தது நம் சென்னைக்குத்தான். உடல்நலக் குறைவால் படிப்பை முடிக்க இயலவில்லை. பிற்காலத்தில் பெண்கல்விக்கும் கைம்பெண்களின் மறுவாழ்வுக்கும் தம்மையே கொடுத்தார்.

கல்லூரியில் போஸுக்கு நல்ல ஆய்வுக்கூடம் கிடையாது. ஒரு சிறிய அறை, உதவிக்கு ஒரு தகரத் தொழிலாளி, செலவுக்குச் சொந்தப் பணம். இவற்றைக் கொண்டு கண்ணுக்குத் தெரியாத மின்காந்த அலைகளை உண்டாக்கவும் பிடிக்கவும் கருவிகள் செய்தார். 1895-இல் கொல்கத்தா டவுன் ஹாலில், சுவர்களையும் தாண்டி ஏறத்தாழ 75 அடி தொலைவுக்கு அலைகளை அனுப்பி, மணியை ஒலிக்கச் செய்தார். வெடிமருந்தையும் வெடிக்கச் செய்தார். 1897 ஜனவரியில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் தம் ஆய்வுகளை விளக்கினார்.

அவருடைய உண்மையான பெருமை அலையைப் பிடிக்கும் கருவியில் இருந்தது. அன்று வழக்கில் இருந்த கருவி, இரும்புத்தூள் அடைத்த ஒரு சிறு கண்ணாடிக் குழாய். ஒரு சமிக்ஞை வந்ததும் தூள் ஒட்டிக்கொள்ளும். குழாயைத் தட்டி உதிர்த்தால்தான் அடுத்ததைக் கேட்க முடியும். போஸ், இரும்போடு பாதரசத்தைச் சேர்த்து, தட்டாமலே தானாகப் பழைய நிலைக்குத் திரும்பும் கருவியை அமைத்து, 1899-இல் அதை ராயல் சொசைட்டியின் வழியாக வெளியிட்டார். தொலைபேசியின் காதுக்குழலை இணைத்து, வரும் ஒலியைக் காதாலேயே கேட்கலாம். 1901 டிசம்பர் 12 அன்று அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து வந்த மூன்று புள்ளிகளாகிய மோர்ஸ் எழுத்தை மார்க்கோனி நியூஃபவுண்ட்லாந்தில் கேட்டதாக அறிவித்தார். அப்போது அவர் பயன்படுத்திய பாதரசக் கருவியின் வேர் போஸின் ஆய்வில் இருப்பதை 1998-இல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரை ஒன்று எடுத்துக்காட்டியது. மார்க்கோனிக்கு 1909-இல் நோபல் பரிசு கிடைத்தது. போஸின் பெயரை உலகம் மறந்தது. ஆனால் அவர் ஆசிரியர் மறக்கவில்லை. கம்பியில்லாத் தந்திக்கு வழி திறந்தவர் தம் மாணவரே என்று எடுத்துச் சொல்ல அருள்தந்தை லஃபோன் தயங்கியதே இல்லை. 1908-இல் அவர் டார்ஜிலிங்கில் இறைவனடி சேர்ந்தார்.

மார்க்கோனியின் உழைப்பைக் குறைத்துச் சொல்வது நம் நோக்கமல்ல. கடல் கடந்த தந்தியைச் செயல்படுத்திக் காட்டியவர் அவர். 1931-இல் திருத்தந்தை பதினோராம் பயஸ் கேட்டுக்கொண்டபடி வத்திக்கான் வானொலியை அமைத்துக் கொடுத்தவரும் அவரே. போஸோ செய்தி அனுப்பும் தொழிலில் இறங்கவில்லை. அறிவு எல்லாருக்கும் உரியது என்று நம்பிய அவர், காப்புரிமை கோர விரும்பவில்லை. நண்பர்களின் வற்புறுத்தலால், கலீனா என்னும் ஈயக் கனிமத்தால் ஆன கருவிக்கு மட்டும் 1904-இல் அமெரிக்கக் காப்புரிமை பெறப்பட்டது. அதைக் கொண்டும் அவர் பணம் ஈட்டவில்லை. பின்னாளில் உலகெங்கும் எளியோர் வீடுகளில் மின்சாரமே இல்லாமல் பாடிய கிரிஸ்டல் ரேடியோக்களில் இருந்ததும் கலீனாக் கல்தான். 1924 ஜூலை 31 அன்று சி.வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் சென்னை மாகாண வானொலிக் கழகம் 40 வாட் டிரான்ஸ்மிட்டரைக் கொண்டு ஒலிபரப்பைத் தொடங்கியது அத்தகைய கருவிகளின் காலத்தில்தான்.

போஸ் அதன்பின் செடிகொடிகளின் பக்கம் திரும்பினார். வாயில்லாத அவற்றின் துடிப்பைப் பதிவுசெய்யக் கருவிகள் செய்தார். 1917-இல், தம் பிறந்தநாளான அதே நவம்பர் 30 அன்று, போஸ் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். 1937 நவம்பர் 23 அன்று கிரிதியில் மறைந்தார்.

அன்பார்ந்தவர்களே, போஸ் நம் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். பிரம்ம சமாஜ மரபில் வளர்ந்தவர். என்றாலும் அவர் வாழ்வு நமக்கு ஒரு மறையுரை. மீனவர் மகனின் கதையைக் கேட்ட செவிதான், பிற்காலத்தில் கண்ணுக்குத் தெரியாத அலையையும், செடியின் துடிப்பையும் கேட்டது. அந்தச் செவியைப் பழக்கியதில் ஒரு குருவுக்கும் பங்கு இருந்தது. இது என் போன்ற குருக்களின் மனச்சான்றைத் தொடுகிறது. பலிபீடத்தில் ஒலிபெருக்கி வைத்துப் பேசப் பழகிவிட்டோம். மறைக்கல்வி வகுப்பின் கடைசி வரிசைச் சிறுவன் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வியை எத்தனை முறை கேட்டிருக்கிறோம்?

2004 டிசம்பர் 26 அன்று கடல் பொங்கியதை நம் கடற்கரை மக்கள் மறக்க முடியாது. அந்நாளில் அந்தமானில் தொலைபேசிகள் ஓய்ந்துபோனபோது, போர்ட் பிளேரில் தங்கியிருந்த அமெச்சூர் வானொலியாளர்கள்தான் உறவுகளைத் தேடித் தவித்தவர்களின் செய்திகளைக் கொண்டுசேர்த்தனர். அனுப்பும் ஒலி எவ்வளவு மெலிதாக இருந்தாலும், மறுமுனையில் யாரோ ஒருவர் விழித்திருந்து கேட்டால் அது வீண்போவதில்லை.

எலியா இறைவனைக் கண்டது புயலிலும் நெருப்பிலும் அல்ல, மெல்லிய ஒலியில்தான். நம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கும் முதியவரின் குரல், சம்பளம் குறைத்துக் கொடுக்கப்படும் தொழிலாளியின் குரல், பேசத் தயங்கும் பிள்ளையின் குரல், இவையெல்லாம் ஐந்து வாட்டுக்கும் குறைந்த குரல்கள். அவற்றைக் கேட்க வேண்டுமானால் முதலில் நம் சத்தத்தை அடக்க வேண்டும். பிறகு குமிழை மெல்லத் திருக வேண்டும். அதற்கான பொறுமையை இந்த வாரம் இறைவனிடம் கேட்போம்.