எதிரி நாட்டுக் குழந்தைகளுக்காக ஒரு குரல்

1918ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் தேதி முதல் உலகப் போர் ஓய்ந்தது. ஆனால் தோற்ற நாடுகள் மீதான கடல் முற்றுகையை வென்ற நாடுகள் உடனே நீக்கவில்லை. உணவின்றி ஜெர்மனி, ஆஸ்திரியா நாடுகளின் குழந்தைகள் வாடினார்கள். பிரித்தானிய நாடாளுமன்றத்தில் அவர்களுக்காகப் பேச யாருக்கும் கடமை இல்லை. அவர்கள் எதிரியின் பிள்ளைகள். வாக்குரிமையும் இல்லாதவர்கள்.

அவர்களுக்காகப் பேச வந்தவர் எக்லன்டைன் ஜெப். 1876இல் இங்கிலாந்தின் எல்ஸ்மியர் ஊரில் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் வரலாறு பயின்று, சிறிது காலம் ஆசிரியையாக இருந்தவர். திருமணம் செய்துகொள்ளாதவர்.

1919 ஏப்ரலில், பசியால் மெலிந்த ஆஸ்திரியக் குழந்தையின் படம் தாங்கிய துண்டறிக்கைகளை இலண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் வழங்கினார். தணிக்கை அனுமதி பெறவில்லை என்று கைது செய்யப்பட்டார். நீதிமன்றம் 5 பவுண்டு அபராதம் விதித்தது. அவரைக் குற்றவாளி என வாதிட்ட அரசு வழக்கறிஞரே அந்தத் தொகையை அவர் கையில் கொடுத்தார். அதே ஆண்டு மே 19 அன்று, தங்கை டோரத்தி பக்ஸ்டனுடன் சேர்ந்து 'சேவ் த சில்ட்ரன்' நிதியத்தைத் தொடங்கினார். வழக்கறிஞரின் 5 பவுண்டு அதன் முதல் நன்கொடை ஆயிற்று.

ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்த ஜெப், கத்தோலிக்கத் திருஅவையின் உதவியையும் நாடினார். திருத்தந்தை 15ஆம் பெனடிக்ட் 1919 நவம்பரில் சுற்றுமடல் எழுதி, மாசில்லாக் குழந்தைகள் திருநாளான டிசம்பர் 28 அன்று மத்திய ஐரோப்பாவின் குழந்தைகளுக்காக நிதி திரட்டுமாறு அனைத்துலக ஆலயங்களையும் கேட்டுக்கொண்டார். அடுத்த ஆண்டு எழுதிய சுற்றுமடலில் ஜெப்பின் நிதியத்தையும் பாராட்டினார்.

நன்கொடை மட்டும் போதாது என்பதை ஜெப் உணர்ந்தார். மனம் மாறினால் நன்கொடை நின்றுவிடும், உரிமை நிற்காது. எனவே 1923இல் குழந்தைகளின் உரிமைகளை ஐந்து அம்சங்களில் வரைந்தார். இடர் வரும்போது முதலில் உதவி பெற வேண்டியவர் குழந்தையே என்பது அவற்றில் ஒன்று. 1924இல் பன்னாட்டுச் சங்கம் அதை ஜெனீவாவில் ஏற்றுக்கொண்டது.

நெடுநாள் நோயுற்றிருந்த ஜெப், 1928 டிசம்பர் 17 அன்று அதே ஜெனீவாவில் 52 வயதில் மறைந்தார். அவர் விதைத்தது 1959இல் ஐ.நா. அறிக்கையாகவும், 1989இல் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையாகவும் வளர்ந்தது. இந்தியா அதில் 1992இல் இணைந்தது.

அன்பர்களே, அரசுகள் கூடி எடுக்கும் முடிவுகளில் பசித்த குழந்தைக்கு இருக்கை கிடையாது. அதன் சார்பில் கதவைத் தட்டுவது சாதாரணக் குடிமக்களின் பணி. ஜெப் ஒரு துண்டறிக்கையோடு அதைச் செய்தார். இன்றும் போரில் பசித்திருக்கும் குழந்தைகள் எந்த நாட்டவர் என்று பார்த்த பிறகா நாம் இரங்குகிறோம்?