கஞ்சிரா கண்ட மான்பூண்டியா பிள்ளை

தோற்கருவிகள் தமிழர் வாழ்வில் தொன்றுதொட்டு இடம்பெற்று வருவன. போர்க்களத்தில் முரசு அதிர்ந்தது; திருவிழாவில் தவில் முழங்கியது; பாட்டரங்கில் மிருதங்கம் இசைந்து ஒலித்தது. இன்ன கருவிக்கு இன்ன இடம் என்று வழக்கம் வரையறுத்து வைத்திருந்தது. அவ்வரம்பைக் கடந்து, பஜனைக் கூட்டத்தில் ஒலித்த எளிய கருவியொன்றை மிருதங்கத்தின் அருகே அமரச் செய்தவர் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை. மாமுண்டியா பிள்ளை என்றும் அவர் பெயர் வழங்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புதுக்கோட்டையைத் தொண்டைமான் மன்னர்கள் ஆண்டு வந்தனர். புலவர்களையும் இசைவாணர்களையும் ஆதரித்த அவ்வரண்மனையில், மான்பூண்டியா பிள்ளை விளக்கேந்தும் பணியாளராக இருந்தார் என்று இசை மரபினர் கூறுவர். கைகள் விளக்கைத் தாங்கி நிற்க, அவருடைய செவிகள் தாளத்தைப் பற்றி நின்றன. கேட்டதைக் கேட்டவாறே மறந்துவிடாமல், அதனுள் அடங்கிய கணக்கை அறிய அவர் உள்ளம் விழைந்தது.

அந்நகரில் மாரியப்பத் தவில்காரர் என்னும் லய வல்லுநர் வாழ்ந்தார். மான்பூண்டியா பிள்ளை அவரை அடைந்து மாணவரானார். தாள நுட்பங்களையும் சொற்கட்டுகளையும் கோவைகளையும் அவரிடம் முறையாகக் கற்றார். பிறப்பாலோ பதவியாலோ எளிதில் வாய்க்காத வித்தை, ஆசிரியர் அருளாலும் அயரா உழைப்பாலும் அவருக்கு வாய்த்தது.

கற்ற வித்தையை எக்கருவியில் காட்டுவது? தவில் பேரொலி உடையது. கோயில் வீதியிலும் திறந்த வெளியிலும் சிறப்பது. மென்மையான குரலிசையோடும் வீணையோடும் சேர்ந்து ஒலித்தற்கு ஏற்றதன்று. அக்காலத்தில் பஜனைப் பாடல்களுக்கும் லாவணிப் பாடல்களுக்கும் வட்டச் சட்டத்தில் தோல் போர்த்த கருவிகளைத் தட்டுவது வழக்கம். பொதுமக்கள் பாட்டுக்குரியது என்று பலரும் கருதிய அவ்வினக் கருவியையே அவர் தேர்ந்துகொண்டார். அதனைப் பாட்டரங்கிற்கு ஏற்பத் திருத்தி அமைத்தார். அதுவே கஞ்சிரா.

கஞ்சிராவின் அமைப்பு மிக எளியது. பலாமரத்தில் கடைந்த சிறு வளையம், அதன் ஒருபுறத்தில் உடும்புத் தோல், வளையத்தின் துளையில் கோத்த சில நாணயங்கள், இவ்வளவே. வாசிப்பவர் தோலின் உட்புறத்தில் சிறிது நீரைத் தடவி ஒலியைத் தாழ்த்துவர். இடக்கையால் கருவியைப் பிடித்து, அக்கை விரல்களாலேயே தோலை அழுத்தி ஒலியை ஏற்றி இறக்குவர். வலக்கை ஒன்றே சொற்களையெல்லாம் எழுப்பும். மிருதங்கத்தில் இருகைகளும் பகிர்ந்து செய்யும் வேலையைக் கஞ்சிராவில் ஒரு கையே செய்தல் வேண்டும். கருவி எளிது, பயிற்சியோ அரிது.

புதிய கருவியைச் செய்துவிட்டால் மட்டும் போதாது. அறிந்தோர் அவை அதனை ஏற்கவும் வேண்டும். மராட்டிய மன்னராட்சி 1855-இல் முடிவுற்ற பின்னரும், தஞ்சை இசைக்குத் தலைமையிடமாகவே விளங்கிற்று. அங்கே நாராயணசாமி அப்பா என்னும் மிருதங்க மேதை பெரும்புகழோடு வாழ்ந்தார். மான்பூண்டியா பிள்ளை தம் கஞ்சிராவோடு தஞ்சைக்குச் சென்று அவர்முன் வாசித்தார். அப்பெரியவர் முகம் சுளித்திருப்பின், கஞ்சிரா பஜனைக் கூடத்திற்கே திரும்பியிருக்கக் கூடும். அவரோ கருவியின் எளிமையைக் கருதாது, கையின் திறமையையே கருதினார். வந்தவரைப் போற்றி மதித்தார். தமக்கு நிகரான ஒருவர் வளர்வதைக் கண்டு பொறாமை கொள்ளாத அவர் பெருந்தன்மையும் நினைக்கத்தக்கது. அது முதல் கஞ்சிராவுக்குப் பாட்டரங்கில் நிலையான இடம் கிடைத்தது.

தவிலின் கணக்கு, பஜனைக் கருவியின் எளிமை, பாட்டரங்கின் ஒழுங்கு ஆகிய மூன்றும் மான்பூண்டியா பிள்ளையின் கையில் ஒன்றாயின. கணக்கு நுட்பம் செறிந்த அவ்வழி, புதுக்கோட்டை வழி எனத் தனிப் பெயர் பெற்றது. அவருடைய மாணவர்களுள் தட்சிணாமூர்த்திப் பிள்ளை, பழனி முத்தையா பிள்ளை ஆகிய இருவரும் தலைசிறந்தவர்கள். 1875-இல் பிறந்து 1936-இல் மறைந்த தட்சிணாமூர்த்திப் பிள்ளை, மிருதங்கம், கஞ்சிரா என்னும் இரண்டிலும் ஒப்பற்றவராகத் திகழ்ந்தார்; காஞ்சிபுரம் நயினாப் பிள்ளை முதலிய பெரும் பாடகர்களின் அரங்குகளை அணிசெய்தார். முத்தையா பிள்ளையின் மைந்தர் பழனி சுப்பிரமணிய பிள்ளை, இடக்கை வழக்கமுடையவராயினும் மிருதங்க உலகின் முன்வரிசையில் நின்று, 1962-இல் மறைந்தார்.

பிற்காலத்தில் ஜி. அரிசங்கர் கஞ்சிராவின் ஆற்றலை மேலும் விரித்துக் காட்டினார். அவர் 2002-இல் மறைந்தார். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உடும்பைக் காக்க முற்பட்டதனால், வேறு தோல்களும் செயற்கைத் தோல்களும் இக்கருவியில் இடம்பெறலாயின. கருவி மாறினும் வித்தை மாறவில்லை. மேலைநாட்டு இசையும் இந்திய இசையும் கலந்து ஒலிக்கும் சக்தி என்னும் குழுவில் வி. செல்வகணேஷ் கஞ்சிரா வாசித்தார். அக்குழுவின் இசைத்தட்டு 2024-இல் கிராமி விருது பெற்றது. கடல் கடந்த கலப்பிசை அரங்குகளிலும் கஞ்சிரா இன்று ஒலிக்கிறது. கஞ்சிராவோ, தன் தோற்றத்திலேயே பல வழிகள் கலந்து பிறந்த கருவியாகும்.

விளக்கேந்திய கை, ஒரு கருவிக்கே விளக்கமாயிற்று. தொழிலின் எளிமை கல்விக்குத் தடையன்று. கருவியின் எளிமை கலைக்குத் தடையன்று. கற்க வேண்டும் என்னும் வேட்கையும், கற்பிப்பாரைத் தேடி அடையும் பணிவும், கற்றதைப் புதுவழியில் செலுத்தும் துணிவும் உடையவர் உயர்வர் என்பதற்கு மான்பூண்டியா பிள்ளையின் வாழ்க்கை நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.