சுவரை உடைத்து வெளியே வந்த கார்! - ஹென்றி ஃபோர்டு என்கிற ரிப்பேர்காரரின் கதை

உங்க போன் பேட்டரி வீக் ஆகிட்டா என்ன பண்ணுவீங்க? சர்வீஸ் சென்டருக்குப் போவீங்க. இல்லேன்னா புது போன் வாங்குவீங்க. நாமளே கழற்றி மாட்டலாம்னு நினைச்சா, திறக்கவே முடியாதபடி பசை போட்டு ஒட்டியிருப்பாங்க.

அப்படியே அமெரிக்கா பக்கம் வாங்க. அங்கே 100 வயதான ஒரு காரை வீட்டு கராஜிலேயே வைத்து, சனி, ஞாயிறுகளில் கழற்றி, துடைத்து, மாட்டி, மறுபடி ரோட்டில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த காருக்கான ஸ்பேர் பார்ட்ஸ் இன்றைக்கும் புதிதாகத் தயாராகி விற்பனைக்கு வருகிறது. அந்த கார், ஃபோர்டு மாடல் டி.

இதெல்லாம் எப்படி சாத்தியம்? அந்த காரை உருவாக்கிய மனுஷன் அடிப்படையில் ஒரு ரிப்பேர்காரர். நமக்கு மறைமலை நகர் தொழிற்சாலை மூலம் பழக்கமான பெயர்தான், ஹென்றி ஃபோர்டு. கோடீஸ்வரர், தொழிலதிபர் என்றெல்லாம் அவரைப் பற்றிப் படித்திருப்பீர்கள். ஸ்க்ரூடிரைவரோடு திரிந்த ஃபோர்டை இங்கே பார்க்கலாம்.

ஆணியை ராவி ஒரு ஸ்க்ரூடிரைவர்

1863 ஜூலை 30. மிச்சிகன் மாநிலத்தில், இன்றைக்கு டியர்பார்ன் என்று அழைக்கப்படும் ஊர்ப்பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார் ஹென்றி. அப்பா வில்லியம், அயர்லாந்தில் இருந்து வந்து குடியேறியவர். மூத்த பையன் நிலத்தைப் பார்த்துக்கொள்வான் என்பது அவர் கணக்கு. பையனுக்கோ மாடு, வைக்கோல் எதிலும் மனசு ஒட்டவில்லை. கண்ணில் படும் மெஷினை எல்லாம் பிரித்துப் பார்ப்பதுதான் அவனுக்குப் பொழுதுபோக்கு.

முக்கியமாக, கைக்கடக்கமான கடிகாரங்கள். சரியான டூல்ஸ் கிடையாது. ஆணியை ராவி ஸ்க்ரூடிரைவர் செய்தான். ஸ்வெட்டர் பின்னும் ஊசிகூட அவன் கையில் ஒரு கருவி ஆனது. அக்கம்பக்கத்தில் ஓடாத கடிகாரங்கள் எல்லாம் ஹென்றியிடம் வர ஆரம்பித்தன.

1876-ம் வருடம் அவன் வாழ்க்கையில் இரண்டு விஷயங்கள் நடந்தன. மார்ச்சில் அம்மா மேரி இறந்துபோனார். அப்போது அவனுக்கு வயது 12. அதே வருடம் கோடையில், குதிரை இல்லாமல் தானாகவே ரோட்டில் உருண்டு வந்த ஒரு நீராவி இன்ஜினைப் பார்த்தான். இந்த இரண்டையும் கடைசிவரை அவர் மறக்கவே இல்லை.

கிச்சன் சிங்க்கில் ஒரு இன்ஜின்

16 வயதில் டெட்ராய்ட் நகரத்துக்குக் கிளம்பினார். பகலில் பட்டறையில் தொழில் பழகுவது, ராத்திரியில் நகைக்கடையில் கடிகாரம் ரிப்பேர் பார்ப்பது என்று ஓடியது. 1888-ல் க்ளாரா ப்ரையன்ட்டைத் திருமணம் செய்தார். பிறகு எடிசனின் பெயரில் நடந்த மின்சார கம்பெனியில் வேலை கிடைத்தது. 1893-ல் அங்கே சீஃப் இன்ஜினீயர். நல்ல சம்பளம். அதே வருடம் நவம்பரில் மகன் எட்செல் பிறந்தான்.

வேறு யாராக இருந்தாலும் அங்கேயே செட்டில் ஆகியிருப்பார்கள். ஃபோர்டு என்ன செய்தார் தெரியுமா?

அந்த டிசம்பர் 24-ம் தேதி, கிறிஸ்துமஸுக்கு முந்தைய ராத்திரி. க்ளாரா மறுநாள் விருந்துக்கான சமையலில் மும்முரமாக இருக்கிறார். கைக்குழந்தை தூங்குகிறது. ஒரு பலகையில் பொருத்திய குட்டி இன்ஜினைத் தூக்கிக்கொண்டு கிச்சனுக்குள் நுழைகிறார் ஹென்றி. பழைய பைப் துண்டுதான் சிலிண்டர். பழைய லேத் மெஷினின் சக்கரம்தான் ஃப்ளைவீல். சிங்க்கில் இன்ஜினை முறுக்கிப் பொருத்திவிட்டு, வீட்டு மின்சாரத்திலிருந்தே ஸ்பார்க்குக்கு வழி செய்தார். சொட்டுச் சொட்டாக பெட்ரோல் விடும் வேலை மனைவிக்கு. நெருப்பும் புகையுமாக இன்ஜின் ஓடியது. வீடு பற்றிக்கொள்ளாததே பெரிய விஷயம்!

கார் ரெடி... கதவு பத்தல!

அடுத்தது கார். பேக்லி அவென்யூ 58-ம் நம்பர் வாடகை வீட்டின் பின்னால், கரி, விறகு போட்டுவைக்கும் செங்கல் கொட்டகைதான் ஒர்க்‌ஷாப். பக்கத்துப் போர்ஷன்காரர் தன் பாதி இடத்தையும் விட்டுக்கொடுத்தார். ஆபீஸ் முடிந்து வந்து ராத்திரியெல்லாம் வேலை.

1896 ஜூன் 4, விடிவதற்கு முன் வண்டி தயார். நான்கு சைக்கிள் சக்கரங்கள், இரண்டு சிலிண்டர் இன்ஜின், ஸ்டீயரிங்குக்குப் பதில் படகுத் துடுப்பு போல ஒரு கைப்பிடி. ரிவர்ஸ் கியர் கிடையாது. எடை சுமார் 230 கிலோ. பெயர், குவாட்ரிசைக்கிள். எல்லாம் ஓகே. ஆனால், வண்டி கொட்டகைக் கதவை விட அகலம்!

ஃபோர்டு யோசிக்கவே இல்லை. கோடரியை எடுத்து, செங்கல் சுவரை உடைத்து வழி பண்ணினார். ரோட்டில் குதிரைகள் மிரளாமல் இருக்க, நண்பர் ஒருவர் முன்னால் சைக்கிளில் போக, டெட்ராய்ட் வீதியில் கார் ஓடியது. வழியில் ஒரு முறை நின்றும் போனது. அங்கேயே சரிசெய்து ஓட்டினார். இடிந்த சுவரைப் பார்த்துக் கோபமாக வந்த வீட்டு ஓனர், வண்டியைப் பார்த்ததும் கூலாகி, கதவையே பெரிதாக வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

அந்த வருடமே அந்த வண்டியை 200 டாலருக்கு விற்றுவிட்டு, அடுத்த வண்டியைச் செய்ய ஆரம்பித்தார். கம்பெனி தொடங்கியதும் உடனே ஜெயித்துவிடவில்லை. 1899-ல் தொடங்கிய முதல் கம்பெனி மூடப்பட்டது. இரண்டாவது கம்பெனியில் பங்குதாரர்களோடு ஒத்துப்போகாமல் 1902-ல் வெளியேறினார். அவர் விட்டுவந்த அந்த கம்பெனிதான் பிற்பாடு கேடிலாக் ஆனது! மூன்றாவது முயற்சி, 1903 ஜூனில் தொடங்கிய ஃபோர்டு மோட்டார் கம்பெனி. கையில் கொஞ்சம் காசு வந்ததும், 1904-ல் தன் பழைய குவாட்ரிசைக்கிளைத் தேடிப்பிடித்து 65 டாலருக்குத் திரும்ப வாங்கினார். பழசைத் தேடி மீட்கும் பழக்கம் அங்கேயே தொடங்கிவிட்டது.

மெக்கானிக் வேண்டாம்... நீங்களே போதும்!

1908 அக்டோபரில் மாடல் டி வந்தது. அன்றைய அமெரிக்காவில் பெரும்பாலானோர் கிராமங்களில் இருந்தார்கள். ரோடு மோசம். கார் மெக்கானிக் அபூர்வம். அந்த விவசாயிகளை மனதில் வைத்துத்தான் ஃபோர்டு காரைச் செய்தார்.

2.9 லிட்டர், 20 ஹார்ஸ்பவர் இன்ஜின். நான்கு சிலிண்டரும் ஒரே பிளாக்கில். மேல்மூடியைத் தனியாகக் கழற்றலாம் என்பதால் உள்ளே சுத்தம் செய்வது ஈஸி. பெட்ரோல் பம்ப் இல்லை. டேங்க்கிலிருந்து தானாகவே கீழே இறங்கி வரும். அதனால் செங்குத்தான மேட்டில் பெட்ரோல் இன்ஜினுக்கு எட்டாமல் வண்டி திணறும். சிலர் ரிவர்ஸிலேயே மேடு ஏறினார்கள்! ஆயில் அளவு பார்க்க இன்ஜினுக்குக் கீழே இரண்டு குட்டிக் குழாய்கள். மேல் குழாயைத் திறந்தால் ஆயில் வழிகிறதா, போதும். கீழ்க் குழாயிலும் வரவில்லையா, உடனே ஊற்றணும். அவ்ளோதான் டெக்னாலஜி.

பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, பெல்ட் மாட்டி மரம் அறுத்தார்கள், தண்ணீர் இறைத்தார்கள். 1913-ல் நகரும் அசெம்பிளி லைன் வந்தது. ஒரு கார் சேஸியைப் பூட்ட ஆன 12 மணி நேரத்துக்கும் மேலான உழைப்பு, சில மாதங்களில் 93 நிமிடங்களாகக் குறைந்தது. 1914-ல் தொழிலாளர்களுக்கு ஒரு நாளைக்கு 5 டாலர் கூலி அறிவித்து நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தார். தொடக்கத்தில் 850 டாலராக இருந்த கார், 1920-களின் நடுவில் 260 டாலருக்கு வந்தது.

இந்த எளிமைதான் இன்றைய ரெஸ்டோரேஷன் பிரியர்களுக்கு வரம். மட்கிப்போன மரச்சக்கர ஆரங்களை மாற்றலாம். மரப்பெட்டிக்குள் இருக்கும் நான்கு இக்னிஷன் காயில்களை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதிக்கலாம். கியர்பாக்ஸ் பட்டைகளுக்குப் புதுத் துணி லைனிங் போடலாம். எல்லாம் கண்ணுக்குத் தெரியும் இடத்தில், கைக்கு எட்டும் தூரத்தில். ஆனால் ஒன்று, கைப்பிடியைச் சுற்றி ஸ்டார்ட் செய்யும்போது கவனம் தப்பினால், அது பின்னோக்கி உதைத்துக் கையை முறித்துவிடும். அன்றைக்குப் பலர் அப்படிக் கட்டுப்போட்டுக்கொண்டார்கள்.

அம்மாவின் உடைந்த தட்டு

புது உலகத்தைத் தொடங்கிவைத்தவர், வயது ஏற ஏற பழைய உலகத்தைத் தேட ஆரம்பித்தார். 1919-ல் புது ரோடு போடுவதற்காக அவர் பிறந்த வீட்டை இடிக்கவேண்டிய நிலை. வீட்டை அப்படியே பெயர்த்துத் தள்ளி வைத்தார். அதோடு நிற்கவில்லை. அம்மா இறந்த 1876-ல் வீடு எப்படி இருந்ததோ, அப்படியே மாற்ற வேண்டும் என்றார். வீட்டைச் சுற்றி மண்ணைத் தோண்டி, அம்மா புழங்கிய பீங்கான் தட்டுகளின் உடைந்த சில்லுகளைப் பொறுக்கினார்கள். அந்த டிசைனிலேயே புதுத் தட்டுகள் செய்யப்பட்டன.

பிறகு அதுவே பெரிய வேலையாக வளர்ந்தது. பழைய கட்டடங்களைக் கழற்றிக் கொண்டுவந்து, டியர்பார்னில் கிரீன்ஃபீல்டு வில்லேஜ் என்ற ஊரையே உருவாக்கினார். 1929 அக்டோபர் 21-ல் திறப்பு விழா. எடிசனின் மென்லோ பார்க் ஆய்வுக்கூடம் அங்கே மறுபடி எழுந்தது. அதன் அடியில் போட்ட மண்கூட நியூ ஜெர்சியில் இருந்து வந்தது! பிற்பாடு ரைட் சகோதரர்களின் சைக்கிள் கடையும் வந்து சேர்ந்தது. 1933-ல் தன் பேக்லி அவென்யூ கொட்டகையையும் மாதிரிக் கட்டடமாகக் கட்டினார்.

கழற்றி மாட்ட முடியாதது

சரி, இதுவரை படித்ததில் ஃபோர்டு உங்களுக்கு ஹீரோவாகத் தெரிந்திருப்பார். இன்னொரு பக்கமும் இருக்கிறது.

அவர் நடத்திய பத்திரிகை 1920 முதல் யூதர்கள் மீது தொடர்ந்து வெறுப்பைக் கக்கியது. 1927-ல் மன்னிப்பு கேட்டுப் பத்திரிகையை மூடினார். அதற்குள் அந்தக் கட்டுரைகள் புத்தகமாகி, ஜெர்மனி வரை போய்விட்டன. 1938-ல் நாஜி அரசு கொடுத்த பதக்கத்தையும் ஏற்றுக்கொண்டார். 5 டாலர் கூலி தந்தவரின் தொழிற்சாலை வாசலில், 1937 மே 26-ல் தொழிற்சங்கத்தினரை கம்பெனி அடியாட்கள் ரத்தம் வர அடித்தார்கள். சங்கத்தை அவர் ஏற்றுக்கொண்டது 1941-ல்தான்.

வீட்டுக்குள் நடந்தது இன்னும் வலி. கிச்சன் சிங்க் ராத்திரியில் தூங்கிக்கொண்டிருந்த அந்தக் குழந்தை எட்செல், 25 வயதில் கம்பெனியின் தலைவர் ஆனார். அழகான டிசைன்களில் ஆர்வம் உள்ளவர். மாடல் டி பழசாகிவிட்டது, புது கார் வேண்டும் என்று அப்பாவிடம் சொல்லிப் பார்த்தார். ஹைட்ராலிக் பிரேக் வேண்டும் என்றும் சொன்னார். ஃபோர்டு கேட்கவே இல்லை. நாற்காலி மகனுக்கு, முடிவு அப்பாவுக்கு. மற்றவர்கள் முன்னிலையில் மகனைத் தட்டிவைப்பதும் நடந்தது. செவ்ரோலே முந்த ஆரம்பித்த பிறகுதான் இறங்கி வந்தார். 1927 மே 26-ல் 1.5 கோடியாவது மாடல் டி-யில் அப்பாவும் மகனும் ஒன்றாகத் தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்தார்கள். அதோடு மாடல் டி-க்கு விடை கொடுத்தார்கள்.

சரியாக 16 வருடம் கழித்து, 1943-ல் அதே மே 26-ம் தேதி, வயிற்றுப் புற்றுநோயால் எட்செல் இறந்தார். வயது 49. ஃபோர்டின் ஒரே பிள்ளை. 79 வயதில் அப்பா மறுபடி தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார். உடம்பும் மனசும் ஒத்துழைக்கவில்லை. 1945-ல் பேரன் இரண்டாம் ஹென்றியிடம் பொறுப்பு போனது.

1947 ஏப்ரல் 7. ரூஜ் நதியில் வெள்ளம். ஃபோர்டின் மாளிகையில் கரன்ட் போய்விட்டது. அன்றைய ராத்திரி மெழுகுவத்தி, மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில், 83 வயதில் ஹென்றி ஃபோர்டு கண்மூடினார். அவர் பிறந்தபோது அந்த ஊர் வீடுகளில் என்ன வெளிச்சம் இருந்ததோ, அதே வெளிச்சம்.

பேக்லி அவென்யூவில் அந்தக் கொட்டகை இருந்த இடத்தில் 1926-ல் ஒரு பிரமாண்ட தியேட்டர் எழுந்தது. தியேட்டர் மூடிய பிறகு, உள்ளேயே மாடிகள் போட்டு கார் பார்க்கிங் ஆக்கிவிட்டார்கள். முதல் கார் பிறந்த இடத்தில், இன்றைக்குக் கார்கள் நிற்கின்றன!

உங்க வீட்டிலும் அப்பாவோ தாத்தாவோ ஓட்டிய பழைய வண்டி ஒன்று தூசி படிந்து நிற்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை கவரை எடுத்துப் பாருங்க. கழற்றும் முன் ஒவ்வொரு ஸ்டெப்பையும் போனில் போட்டோ எடுத்து வையுங்க. ஸ்க்ரூக்களைத் தனித்தனி டப்பாவில் போட்டு, மேலே பெயர் எழுதுங்க. அவசரப்படாதீங்க. முக்கியமா, கூட நின்று வேலை செய்கிற தம்பியோ மகளோ வேற மாதிரி ஒரு ஐடியா சொன்னா, ஸ்பேனரைக் கீழே வெச்சுட்டுக் காது கொடுத்துக் கேளுங்க. அந்த ஒரு வேலையை மட்டும் ஃபோர்டு கடைசிவரை கத்துக்கவே இல்லை.