வீட்டையே பணிமனையாக்கிய உ.வே.சா.

கோலா கெடாவில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் என் அலுவலகம். மலாய்மொழியிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பது என் தொழில். காலையில் பேருந்துக்கு ஓட வேண்டியதில்லை, வேலையைக் கவனிக்க மேலாளரும் இல்லை. அந்தச் சுதந்திரமே எனக்குப் பகையாயிற்று. சென்ற ஆண்டு மூன்று மாதத் தவணையில் ஒரு நூலை ஒப்புக்கொண்டேன். இரண்டு மாதம் கழிந்தபோது கால்பங்குகூட முடியவில்லை. கைப்பேசி, நடுப்பகல் தூக்கம், நாளை பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் ஆகிய மூன்றுமே நாள்களைத் தின்றுவிட்டன. பணியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். அந்நாள்களில்தான் உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' மறுபடியும் என் கைக்கு வந்தது.

மாணவர்களே, வீட்டிலிருந்து படிப்பவர்களுக்கும் இடுபணி செய்பவர்களுக்கும் அவரைவிடச் சிறந்த முன்னோடி தமிழில் கிடைப்பது அரிது. பள்ளிப் பாடநூலில் அவரைத் தமிழ்த் தாத்தா என்று படித்திருப்பீர்கள். அவர் வேலை செய்த விதத்தை இங்கே பார்ப்போம்.

1855-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் நாள் பிறந்தவர் உ.வே.சா. தஞ்சை வட்டாரத்து உத்தமதானபுரம் அவருடைய ஊர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தமிழ் கற்றார். 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். வயது 25. நல்ல வேலை கிடைத்துவிட்டது, படித்தது போதும் என்று அவர் அமைதியாக இருந்திருக்கலாம்.

அதே ஆண்டு அக்டோபர் மாதம், அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்தார். தாம் படித்த நூல்களை உ.வே.சா. வரிசையாகச் சொல்ல, முதலியார் அசரவில்லை. சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை படித்ததுண்டா என்று கேட்டார். அந்த நூல்களை உ.வே.சா. கண்ணால்கூடப் பார்த்ததில்லை. தமக்குத் தெரியாத ஒரு பெருங்கடல் இருப்பதை அன்று உணர்ந்தார். பின்பு முதலியார் கொடுத்த சிந்தாமணிப் பிரதியோடு வீட்டில் உட்கார்ந்தார்.

பகலில் கல்லூரிப் பாடம். மற்ற நேரமெல்லாம் வீட்டில் சுவடி. மின்விளக்கு இல்லாத காலம் அது. ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. எ, ஏ என்ற குறில் நெடில் வேறுபாடு தெரியாது. செய்யுள் எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது என்பதையும் படிப்பவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். சிந்தாமணியிலோ 3,145 செய்யுள்கள். போதாக்குறைக்கு அது சமண சமயக் காப்பியம். அச்சமயத்தின் சொற்கள் விளங்காதபோது, கும்பகோணத்துச் சமணர்களின் வீடு தேடிப்போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

தனியாகவே உட்கார்ந்து அவர் சோர்ந்துவிடவில்லை. ஒருவர் ஓர் ஏட்டை வாசிப்பார். மற்றவர்கள் வேறு ஏடுகளை வைத்துக்கொண்டு வேறுபாடு சொல்வார்கள். உரையாசிரியர் மேற்கோள் காட்டும் வரி எந்த நூலைச் சேர்ந்தது என்று தேடித் தேடிக் குறிப்பெடுத்தார். ஒவ்வொரு நூலுக்கும் சொல் அகராதி எழுதி வைத்துக்கொண்டார். ஒருமுறை தேடியதை மறுமுறை தேடாமலிருக்க அந்தக் குறிப்புகள் உதவின. கணினி இல்லாத காலத்தில் ஒரு தனிமனிதர் வீட்டில் அமைத்த தேடுபொறி என்றே அதைச் சொல்லலாம்.

விடுமுறை வந்தால் ஏடு தேடி ஊர் ஊராகப் போனார். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் கேட்டபோது, பழுதான ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டதாகச் சொன்னார்கள். ஒரு நாள் தாமதித்தாலும் ஒரு நூல் அழிந்துபோகலாம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அவரை ஓயாமல் இயக்கியது இந்த எண்ணம்தான் என்று நான் நினைக்கிறேன்.

ஏழாண்டு உழைப்புக்குப் பின் 1887-இல் சிந்தாமணி அச்சாகி வெளிவந்தது. பாராட்டும் வந்தது, பிழை கூறிக் கண்டனமும் வந்தது. அவர் பணியை நிறுத்தவில்லை. 1889-இல் பத்துப்பாட்டு, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை என்று தொடர்ந்தார்.

பத்துப்பாட்டில் கெடா மக்களான நமக்கும் ஒரு பங்கு உண்டு. அதிலுள்ள பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்திறங்கிய பொருள்களை அடுக்கிச் சொல்லும்போது காழகத்துப் பொருள்களையும் சொல்கிறது. காழகம் என்பது கடாரம் என்கிறது நச்சினார்க்கினியர் உரை. கடாரம் நம் கெடாதான். அந்த உரையோடு பத்துப்பாட்டை அச்சில் தந்தவர் உ.வே.சா. மெர்போக் ஆற்றங்கரையையும் பூஜாங் பள்ளத்தாக்கையும் பற்றிப் பேசும்போது நாம் பெருமையோடு எடுத்துக்காட்டும் சான்று, அந்த மனிதரின் உழைப்பு வழியாகவும் நம்மை வந்தடைந்தது.

1903-இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறி, 1919-இல் ஓய்வுபெற்றார். அதன்பின் திருவல்லிக்கேணியில் தியாகராச செட்டியாரின் பெயரால் அமைந்த 'தியாகராஜ விலாசம்' என்ற வீடே அவருடைய பணிமனை. தாமே உரையெழுதி 1937-இல் குறுந்தொகையை வெளியிட்டபோது அவருக்கு வயது 82. 1940 முதல் ஆனந்த விகடனில் வாரந்தோறும் தம் வாழ்க்கையை எழுதினார். அது நிறைவுறுவதற்குள் 1942 ஏப்ரல் 28-இல் காலமானார். அவர் பதிப்பித்தவை 90-க்கும் மேற்பட்ட நூல்கள். திரட்டிய சுவடிகள் 3,000-க்கும் அதிகம்.

அவருக்கு உதவ மாணவர்களும் நண்பர்களும் இருந்தார்கள். வீட்டுச் சுமையைப் பிறர் தாங்கினார்கள். நம்மில் பலருக்கு அந்த வாய்ப்பு இல்லை என்பதையும் மறக்கக்கூடாது. ஆனால் அவருடைய முறை நமக்கும் கைகூடும்.

நான் மூன்றே காரியங்கள் செய்தேன். மொத்த நூலை நினைத்து மலைக்காமல் நாளுக்கு ஐந்து பக்கம் என்று வகுத்துக்கொண்டேன். கடினச் சொற்களுக்கு ஒரு குறிப்பேடு வைத்தேன். இரவு எட்டு மணிக்கு, அன்று முடித்ததைத் தொலைபேசியில் ஒரு தோழிக்கு வாசித்துக் காட்டினேன். முதல் வாரம் மூன்று நாள் தவறியது. இரண்டாம் வாரம் ஒருநாள்தான். கூடுதலாக இரண்டு வாரம் தவணை கேட்க நேர்ந்தது; ஆனால் நூல் முடிந்தது.

எஸ்.டி.பி.எம். பாடக்குறிப்போ பல்கலைக்கழக ஆய்வேடோ உங்கள் மேசையில் பாதியில் கிடக்கலாம். உற்சாகம் வரட்டும் என்று காத்திராதீர்கள். இன்றைக்குரிய ஐந்து பக்கத்தை எடுங்கள். உட்கார்ந்து தொடங்கியவருக்குத்தான் உற்சாகம் பின்னால் வருகிறது.