ஜோசையா மார்ஷல் ஹீத்

ஜோசையா மார்ஷல் ஹீத் (இறப்பு: 1851) ஆங்கிலேய உலோகவியலாளரும் தொழில்முனைவோரும் ஆவார். தமிழகத்தின் பரங்கிப்பேட்டையில் ஐரோப்பிய முறையிலான இரும்பாலையை நிறுவியவர். எஃகுத் தயாரிப்பில் மாங்கனீசைப் பயன்படுத்தும் முறைக்கு 1839-இல் காப்புரிமை பெற்றார்.

சேலத்தில்

கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை மாகாணப் பணியில் இருந்த ஹீத், சேலத்தில் பணியாற்றினார். அங்குள்ள கஞ்சமலையில் மேக்னடைட் வகை இரும்புத்தாது மிகுதியாக உள்ளது. உள்ளூர்க் கொல்லர்கள் சிறு மண் உலைகளில் அதனை உருக்கி இரும்பும் எஃகும் செய்து வந்தனர். இத்தொழிலைக் கண்ட ஹீத், தாதுவைப் பெரிய அளவில் உருக்க விரும்பிப் பணியைத் துறந்தார். உயிரினங்களைச் சேகரிப்பதிலும் ஈடுபாடு கொண்டிருந்தார். 1831-இல் விவரிக்கப்பட்ட ஸ்கோட்டோஃபிலஸ் ஹீத்தி என்னும் வௌவால் இனம் இவர் பெயரைத் தாங்கியது.

பரங்கிப்பேட்டை இரும்பாலை

கம்பெனியின் கடனுதவியுடன் 1830-இல் வெள்ளாற்று முகத்துவாரத்தில் உள்ள பரங்கிப்பேட்டையில் ஆலை தொடங்கப்பட்டது. இங்கிலாந்திலிருந்து எந்திரங்களை இறக்கவும், வார்ப்பிரும்பைக் கப்பலேற்றவும் கடற்கரை வசதியாக இருந்தது. ஆனால் தாது கிடைத்த கஞ்சமலை நேர்கோட்டிலேயே 170 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தது. சென்னை மாகாணத்தின் முதல் தொடர்வண்டி 1856-இல்தான் ஓடியது. ஆகவே எடை மிகுந்த தாது தொடர்வண்டியின் துணையின்றியே கடற்கரையை அடைய வேண்டியிருந்தது. உலைகள் மரக்கரியில் இயங்கியதால் சுற்றுப்புறக் காடுகள் அழிந்தன. கரியையும் நாளடைவில் தொலைவிலிருந்தே கொண்டுவர நேர்ந்தது. இவ்விரு செலவுகளும் ஆலையை இழப்பில் ஆழ்த்தின.

எனினும் இரும்பின் தரம் உயர்ந்ததாக இருந்தது. அது செபீல்டு எஃகு ஆலைகளுக்கு அனுப்பப்பட்டது. வேல்சின் மெனாய் நீரிணையில் 1850-இல் திறக்கப்பட்ட பிரித்தானியா குழாய்ப் பாலத்திலும் இவ்விரும்பு பயன்பட்டது. மலபாரின் பேப்பூரிலும் நிறுவனம் ஓர் ஆலை அமைத்தது.

செபீல்டும் வழக்கும்

இங்கிலாந்து திரும்பிய ஹீத், உருக்கும்போது மாங்கனீசு கார்பைடு சேர்த்தால் மலிவான இரும்பிலிருந்தும் நல்ல எஃகு கிடைக்கும் எனக் கண்டறிந்தார். 1839-இல் வெளிவந்த தம் கட்டுரையில், பண்டைய எகிப்தியர் கற்களைச் செதுக்க இந்திய எஃகுக் கருவிகளைப் பயன்படுத்தியிருக்கலாம் என்ற கருத்தையும் முன்வைத்தார்.

மாங்கனீசு ஆக்சைடையும் கரிப்பொருளையும் தனித்தனியே உலைக்குடுவையில் இட்டாலும் அதே பயன் கிடைத்ததால், உற்பத்தியாளர்கள் உரிமத்தொகை செலுத்தாமல் தவிர்த்தனர். தம் முகவராக இருந்த அன்வின் மீது ஹீத் தொடுத்த வழக்கு பல ஆண்டுகள் நீண்டது. அது முடிவதற்கு முன்பே 1851-இல் அவர் வறுமையில் இறந்தார். பிரபுக்கள் அவை 1855-இல் அன்வினுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

பிற்காலம்

1853-இல் கிழக்கிந்திய இரும்பு நிறுவனம் ஆலைகளை ஏற்றது. எனினும் பரங்கிப்பேட்டை உலைகள் 1860களில் அணைந்தன. சேலத்திற்குத் தொடர்வண்டி வந்ததும் அந்தப் பத்தாண்டில்தான். 1980களின் தொடக்கத்தில் உற்பத்தியைத் தொடங்கிய சேலம் உருக்காலை, கஞ்சமலைத் தாதுவை உருக்குவதற்கு மாறாகத் துருப்பிடிக்காத எஃகுத் தகடுகளை உருட்டும் ஆலையாகவே அமைந்தது.